ஒன்பது டொலரில் ஊருக்கு எவ்வளவு? ஸ்காபரோவின் பனைப்பொருள் கடை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் ஒரு வணிக வளாகத்தின் பின்வரிசையில், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் செய்யப்பட்ட பொருள்களை மட்டும் விற்கும் சிறிய கடையொன்று மூன்று ஆண்டுகளாக நடந்து வருகிறது. கடந்த ஓராண்டாக மாதத்துக்கு ஒரு முறையேனும் அங்கே பொருள் வாங்கி வருகிறேன். நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லும் ஒவ்வொரு குறையையும் கடைக்காரரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பலசரக்குக் கடையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. "ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும்" என்ற பேச்சு ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்குப் போனாலும் காதில் விழும். பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து நடத்திப் பணம் சேர்த்து அனுப்புகின்றன. பள்ளிக்கூடத்துக்கு மண்டபமும், கோயிலுக்குக் கோபுரமும், ஊர் எல்லையில் வளைவும் எழும்புகின்றன. அவற்றின் பின்னாலுள்ள அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டடம் எழுந்த பிறகு அந்த ஊரில் ஒருவருக்கேனும் நிரந்தர வருமானம் பிறந்ததா என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. நான் பார்த்தவரையில், அந்தக் கேள்விக்கு ஒரு சிறிய, நேர்மையான விடையைத் தேடும் முயற்சியாக இந்தக் கடை இருக்கிறது.

உள்ளே நுழைந்தால் இடப்பக்கச் சுவர் முழுவதும் பனைப்பொருள்கள்: ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), ஒடியல் மா, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), குட்டான் என்ற சிறு ஓலைப்பெட்டியில் அடைத்த பனங்கட்டி (பனைவெல்லம்). எதிர்ச்சுவரில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், முருங்கையிலைத் தூள், மொட்டைக்கறுப்பன் அரிசி. கடைசி அடுக்கில் கடகம், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, சுளகு போன்ற ஓலைப்பொருள்களோடு கிழக்கிலுள்ள மருதமுனையின் கைத்தறிச் சாரங்களும் (லுங்கிகளும்) இருக்கின்றன. நாம் வழக்கமாகப் போகும் பெரிய தமிழ்க் கடைகளில் கிடைக்கும் ஆயிரம் பொருள்கள் இங்கே இல்லை. பருப்பும் பாலும் வாங்க வேறு கடைக்குத்தான் போக வேண்டும். பெரிய கடைகளில் "யாழ்ப்பாணத்து" என்ற அடைமொழியோடு விற்கப்படும் பல பொருள்களைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், அவை வேறெங்கோ அரைத்துப் பொதிசெய்யப்பட்டவை என்பது தெரியும். ஊரின் பெயர் விற்கிறது, ஊருக்கு ஒரு சதமும் போவதில்லை.

நான் முதலில் வாங்கியது ஒடியல் மா. அரைக்கிலோப் பொதி 9 டொலர். மற்றக் கடைகளில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை என்பதால் தயங்கித்தான் எடுத்தேன். வீட்டில் பொதியை வெட்டியதும் எழுந்த வாசனை, வடமராட்சியில் எங்கள் பெரியம்மா மாசி வெயிலில் பாயில் ஒடியல் பரப்பி வைத்த முற்றத்தை நினைவுபடுத்தியது. மா நன்றாக இடித்து அரித்திருந்தார்கள், நார் அகப்படவில்லை. தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் பிழிந்து கசப்பைப் போக்கியபோது, பழைய மாவில் வரும் காறல் வாடை துளியும் இல்லை. நண்டும் இறாலும் மீன்தலையும் போட்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலையோடு கூழ் காய்ச்சினேன். பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்த பின்பு கரைத்த மாவை ஊற்றியதும் கூழ் பதமாகத் தடித்தது, கட்டி பிடிக்கவில்லை. வேறிடத்தில் வாங்கிய மாவில் கூழ் தண்ணீராகவே நின்றதால் கோதுமை மாச் சேர்த்துச் சமாளித்த அனுபவம் எனக்குண்டு. இந்த மாவுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. தரத்தைப் பொறுத்தவரையில் இந்தக் கடையின் மிகச் சிறந்த பொருள் இதுதான்.

ஆனால் என்னை மறுபடியும் அந்தக் கடைக்குக் கொண்டுபோனது பொதியின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு சிறிய தாள். எந்த ஊரில் செய்யப்பட்டது, கிழங்கு எந்த மாதத்தில் கிண்டப்பட்டது என்ற விவரங்களோடு, கொடுத்த 9 டொலர் எப்படிப் பிரிகிறது என்பதும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. கிழங்கு கிண்டித் தோலுரித்து வெட்டிக் காயவைத்து மாவிடித்துக் கொடுத்த பெண்களின் சங்கத்துக்கு 3 டொலர் 40 சதம். யாழ்ப்பாணத்தில் பொதியிடவும் பரிசோதிக்கவும் 80 சதம். கப்பலுக்கும் சுங்கத்துக்கும் 1 டொலர் 90 சதம். கடைக்கு 2 டொலர் 90 சதம். இப்படியொரு கணக்கை எந்த வியாபாரியும் எனக்கு இதுவரை காட்டியதில்லை. அது உண்மையா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதால் நானும் கேட்டேன். கடைக்காரர் சற்றும் முகம் சுளிக்காமல், சங்கம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் அடங்கிய கோவையை எடுத்து மேசையில் விரித்தார். தாளில் உள்ள தொகையும் பற்றுச்சீட்டில் உள்ள தொகையும் பொருந்தின.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை நான் ஊரில் கண்டதைக் கொண்டு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு சென்றபோது, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல வாழும் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போனேன். வெளிநாட்டு உதவியாகக் கிடைத்த தையல் இயந்திரங்கள் பல வீடுகளில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஒரே ஊரில் அத்தனை பேரும் தைத்தால் யார் வாங்குவது? கோழிக்குஞ்சுகளும் ஆடுகளும் கொடுக்கப்பட்டிருந்தன. தீவன விலை ஏறியபோது அவை விற்கப்பட்டுவிட்டன. கொடுத்தவர்கள் நல்லவர்கள், வாங்கியவர்கள் உழைப்பாளிகள். இடையில் இல்லாதிருந்தது சந்தை. அந்தச் சந்தையாக இருக்கக்கூடியவர்கள், டொலரிலும் யூரோவிலும் பவுணிலும் சம்பளம் வாங்கி, ஒடியலின் அருமை தெரிந்து, அதற்கு விலை கொடுக்கவும் வசதியுள்ள நாம்தான். கருவியை அனுப்பிவிட்டு, அந்தக் கருவியால் செய்த பொருளை நாம் வாங்காமல் இருந்துவிட்டோம்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி இதை இன்னும் தெளிவாக்கியது. வெளிநாடுகளில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பும் பணம் 2020இல் 7.1 பில்லியன் அமெரிக்க டொலராக இருந்து 2022இல் 3.8 பில்லியனாகச் சரிந்தது. உத்தியோகபூர்வ நாணயமாற்று விகிதம் செயற்கையாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் பலரும் வங்கிக்கு வெளியே, உண்டியல் வழியாகப் பணம் அனுப்பியது அதற்கு ஒரு முக்கிய காரணம். அந்தப் பணத்தின் பெரும்பகுதியை அனுப்பியவர்கள் மத்திய கிழக்கில் உழைக்கும் பெண்களும் ஆண்களும் என்பதையும் மேற்கு நாடுகளில் இருக்கும் நாம் மறக்கக்கூடாது. அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது சில மாதங்களில் 360ஐத் தாண்டியபோது, நாம் வீட்டுக்கு அனுப்பிய பணம் விலைவாசியோடு ஓடிக் களைத்தது; அதில் பெரும்பங்கு இறக்குமதியான மாவுக்கும் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் போயிற்று. தன் முற்றத்தில் கிடைக்கும் பொருளைச் செய்து வெளிநாட்டு விலைக்கு விற்கக்கூடிய குடும்பத்துக்கு அந்த வீழ்ச்சியின் அடி சற்றுக் குறைவாக விழுந்திருக்கும். பனங்கிழங்குக்கு இறக்குமதி உரமும் வேண்டாம், டீசல் பம்பும் வேண்டாம். ஆவணி புரட்டாசியில் விழும் பழத்தின் விதையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடிவிட்டால் மாரி மழையே வளர்த்துவிடும்.

இவ்வளவு எளிதான பொருள் ஏன் இங்கே எளிதாக வந்து சேர்வதில்லை என்று கேட்பவர்களுக்காகக் கடையின் பின்னணி வேலையையும் சொல்ல வேண்டும். கனடாவில் 2019 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி உணவை இறக்குமதி செய்பவருக்கு உரிமம் வேண்டும்; பொருள் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற தடத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பொதியின் விவரங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணை வேண்டும். பருத்தித்துறைக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் மாவிடிக்கும் பெண் தனியாக நின்று இதையெல்லாம் செய்து முடிக்க முடியாது. அதே வேளையில், இந்த நாட்டின் சட்டமும் படிவமும் தெரிந்த கணக்காளர்களும் உணவுத் தொழில்நுட்பம் படித்த இளைஞர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். இந்தக் கடையின் பொதிகளுக்கு விவரச்சீட்டு எழுதிக் கொடுத்தவர் இங்கே பிறந்து வளர்ந்த ஒரு மாணவி என்றும், பரிசோதனை அறிக்கைகளை மாதந்தோறும் ஒருவர் ஊதியமின்றிப் பார்த்துக் கொடுக்கிறார் என்றும் அறிந்தேன். இந்த அறிவுழைப்பு காசோலையைவிடக் குறைந்த பங்களிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்துப் புழுக்கொடியல். இங்கேதான் எனக்கு ஏமாற்றமும் நேர்ந்தது, கடையின் மீது நம்பிக்கையும் பிறந்தது. கடந்த கார்த்திகையில் வாங்கிய இரண்டு பொதிகளில் ஒன்றை உடைத்தபோது, துண்டுகளின் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவித்த கிழங்கு வெயிலில் முழுமையாகக் காயாமல் பொதிக்குள் போயிருக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கியது. திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் பணத்தைத் தந்துவிட்டு, "அக்கா, இது எங்கட பிழை, அவையின்ர பிழை இல்லை. மழை தொடங்கின பிறகும் அனுப்பச் சொல்லி நாங்கள்தான் அவசரப்படுத்தினனாங்கள்" என்றார். அந்த வரவில் மீதமிருந்த பொதிகள் அனைத்தையும் அன்றே தட்டிலிருந்து எடுத்துவிட்டார். நான் அங்கே நின்று கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த நட்டம் யாருடைய தலையில் விழும்? பெரும்பாலான ஏற்றுமதி வியாபாரத்தில் கடைசியில் அது பொருளைச் செய்தவரின் தலையில்தான் விழும்; அடுத்த கொடுப்பனவில் பிடித்துக்கொள்வார்கள். இங்கே சங்கத்துக்குக் கொடுத்த பணத்தில் கைவைக்கவில்லை என்பதற்கான கடிதத்தை அடுத்த முறை போனபோது காட்டினார். ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி ஒன்றும், காற்றகற்றி ஒட்டும் பொதி இயந்திரம் ஒன்றும் இங்கிருந்து வாங்கி அனுப்பப்பட்டிருந்தன.

தையல் இயந்திரமும் இயந்திரம்தான், இதுவும் இயந்திரம்தான். ஆனால் இது வாங்குபவரின் முறைப்பாட்டுக்கு விடையாகப் போயிருக்கிறது. இதனால் செய்யப்படும் பொருளுக்கு இங்கே ஆள் காத்திருக்கிறது. மாசியில் வந்த புதிய புழுக்கொடியலை வாங்கிப் பார்த்தேன். பல்லுக்கு வேலை கொடுக்கும் அந்தப் பழைய கடினம் இருந்தது. தேங்காய்ச் சொட்டோடு கடித்தபோது மாச்சுவையும் இலேசான இனிப்பும் துலங்கின. முறைப்பாடு சொல்வது ஊர்க்காரரைப் புண்படுத்தும் என்று எண்ணி நம்மில் பலர் பழுதான பொருளை இரகசியமாகக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. அந்த மௌனத்தில் ஊருக்கு நட்டமே மிஞ்சும். பிழையைச் சொல்லிவிட்டு மீண்டும் வந்து வாங்குபவரே செய்பவருக்குத் தேவை.

பனங்கட்டியைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பாராட்ட முடியவில்லை. 250 கிராம் 6 டொலர் 50 சதம். பங்குனியில் வாங்கிய குட்டான் மிக நன்றாக இருந்தது: மங்கிய பழுப்பு நிறம், நகத்தால் அழுத்தினால் இளகும் மென்மை, இனிப்பின் அடியில் மெல்லிய உவர்ப்பு. மார்கழியில் வாங்கியது வேறு. கடினமாகவும் பளபளப்பாகவும் இருந்தது. உடைத்த இடத்தில் சீனிப் பளிங்கு மின்னியது. சீனி கலந்த பனங்கட்டி ஊரிலேயே மலிந்துபோன ஒன்று. அதற்குக் காரணமும் இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கும், புளிக்காத பனஞ்சாறான கருப்பநீரைக் காய்ச்சிக் கட்டியாக்க நெடுநேர உழைப்பும் விறகும் வேண்டும். அதே மரத்தில் கள் இறக்கினால் உடனே பணம். காலையும் மாலையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் தொழிலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொழிலைச் செய்தவர்களைச் சாதியின் பெயரால் நம் சமூகம் நடத்திய விதமும், பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டு விலகக் காரணமாயிற்று. 1970களில் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கங்கள் உருவானதும், 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும் நிலைமையை ஓரளவு மாற்றின. பின்னர் வந்த போர் மரங்களையும் மனிதரையும் சேர்த்தே விழுங்கியது. காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் இடத்தை நிரப்பப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

ஆகவே சுத்தமான பனங்கட்டி வேண்டுமென்றால், கள்ளுக்குக் கிடைக்கும் வருமானத்துக்கு ஈடான விலையை நாம் கருப்பநீருக்குக் கொடுக்க வேண்டும். மரமேறுபவருக்கு விபத்துக் காப்புறுதியும் வேண்டும். ஊர்ச் சங்கங்கள் வளைவு கட்டும் பணத்தில் சிறு பங்கைக் கொண்டே அதைச் செய்துவிட முடியும். கடைக்காரர் மார்கழி வரவைக் கொடுத்தவரிடம் இனி வாங்குவதில்லை என்றார். அது போதாது என்பது என் கருத்து. பருவம் முடிந்த பிறகு பனங்கட்டி இல்லை என்று தட்டை வெறுமையாக விடும் துணிவு கடைக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் நமக்கும் வர வேண்டும். ஆண்டு முழுவதும் கேட்டால் ஆண்டு முழுவதும் சீனிதான் வரும்.

ஓலைப்பொருள்களில் நீற்றுப்பெட்டி அருமையானது. அதில் அவித்த பிட்டு உலோகக் குழலில் அவித்ததைப் போல் இறுகாமல் உதிர்ந்து வந்தது. ஓலையின் மணமும் பிட்டில் ஏறியிருந்தது. சாயமிட்ட சிறு பெட்டிகள் அழகானவை, 14 டொலர். ஆனால் உணவுப் பொதிகளில் உள்ள விலைப் பிரிப்பு இவற்றில் இல்லை. ஓர் ஓலைப்பெட்டிக்கு எத்தனை மணிநேரம் போகிறது என்பது பின்னல் தெரிந்த எவருக்கும் தெரியும். ஓலை வெட்டி, வார்ந்து, சாயமிட்டுக் காயவைப்பதற்கே ஒரு நாள் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு 14 டொலரில் எவ்வளவு போகிறது என்பதை மாவில் காட்டிய நேர்மையோடு இதிலும் காட்ட வேண்டும். பல இடங்களிலிருந்து ஒருவர் சேகரித்து அனுப்புவதால் கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். கணக்கு வரும்வரை நான் பெட்டி வாங்குவதை நிறுத்தியிருக்கிறேன். மருதமுனைச் சாரம் வாங்கினேன். நெசவு இறுக்கமாக இருக்கிறது, ஆறு சலவைக்குப் பிறகும் நிறம் மங்கவில்லை. கிழக்கின் முஸ்லிம் நெசவாளர்களின் பொருளையும் அதே தட்டில் வைத்திருப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

மிளகாய்த்தூள் நன்று, காரம் சற்று மிகை. முருங்கையிலைத் தூளில் குறிப்பிட ஒன்றுமில்லை.

குறைகளில் முதன்மையானது, வேலைக்கு நிற்கும் இளையவர்களுக்குப் பொருள்களைப் பற்றிப் போதிய பயிற்சி இல்லாதது. என் கண் முன்னாலேயே, இங்கே பிறந்த ஒரு பெண் ஒடியல் மாவைக் கையில் எடுத்து, இதை வைத்து என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நின்றவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பொதியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாவை ஊறவைத்துப் பிழிய வேண்டும் என்பதுகூடப் பொதியில் எழுதப்படவில்லை. அதை அறியாமல் சமைத்தால் கசப்புதான் மிஞ்சும், அந்த வீட்டில் ஒடியல் மறுபடி ஏறாது. எங்கள் தலைமுறை நினைவுக்காக வாங்குகிறது. அந்த நினைவு எங்களோடு போய்விடும். பிள்ளைகள் சுவைக்காக வாங்கத் தொடங்கினால்தான் இந்தச் சந்தை நிலைக்கும். கூழ் காய்ச்சும் முறையையும் ஒடியல் பிட்டு அவிக்கும் முறையையும் மூன்று மொழிகளில் ஒரு தாளில் அச்சிட்டு வைக்கும்படி கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பகுதியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றொரு குறை, வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் கடை திறந்திருப்பது. வார நாள்களில் வேலை முடிந்து வருபவர்களுக்கு அது வசதியாக இல்லை.

விலையைப் பற்றி இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். மாதம் ஏறத்தாழ 45 டொலர் இங்கே செலவிடுகிறேன். அதே அளவுப் பொருளை வேறிடத்தில் 30 டொலருக்கு வாங்கியிருக்கலாம். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சுமக்கும்படி நான் கேட்க மாட்டேன். வசதியுள்ளவர்கள், குறிப்பாக விருந்து மண்டபத்தில் ஒரு மேசைக்கு ஆயிரம் டொலர் கொடுத்து உட்காரக்கூடியவர்கள், அந்த 15 டொலரை மாதந்தோறும் தவறாமல் கொடுக்க முடியும். ஓர் இரவில் சேரும் பெருந்தொகையைவிட, ஒவ்வொரு மாதமும் வரும் என்று நம்பக்கூடிய சிறுதொகையை வைத்துத்தான் ஒரு சங்கம் அடுத்த ஆண்டுக்கு எத்தனை பாத்தி போடுவது என்று திட்டமிட முடியும்.

இவ்வாண்டிலிருந்து கடையில் முன்பதிவு தொடங்கியிருக்கிறார்கள். ஆவணி மாதத்துக்குள் பாதி விலையை முற்பணமாகக் கட்டினால் அந்தத் தொகை அப்படியே சங்கத்துக்குப் போகும். விதை சேர்க்கவும், பாத்தி வெட்டவும், வேலிக்குக் கம்பி வாங்கவும் அவர்கள் வட்டிக்கு வாங்கத் தேவையில்லை. தையில் கிழங்கு கிண்டி, மாசி வெயிலில் காயவைத்து இடித்த மா வைகாசியில் இங்கே வந்து சேரும் என்றும், மழை பிழைத்தால் முற்பணம் திரும்பாது என்றும் பதிவுத்தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு ஆறு பொதிகளுக்குப் பெயர் எழுதினேன். எனக்கு முன்னால் இருபத்தேழு பெயர்கள் இருந்தன.